எண்ணெய் வயலில் காயம்பட்டோரும் இழப்பீட்டு உரிமையும்

 

அரபு மொழி கற்பிக்கும் ஆசிரியனுக்குப் பாடம் நடத்துவதோடு இன்னொரு பணியும் ஊரில் வந்து சேர்ந்துவிடுகிறது. சபுராளிகள் கொண்டுவரும் அரபுத் தாள்களைப் படித்துப் பொருள் சொல்வதே அது. இகாமா நகல், மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலைய அறிக்கை என்று பலவகைத் தாள்கள் வருகின்றன. இவற்றுள் நெஞ்சை உறுத்துவது 'முகாலஸா' என்று தலைப்பிட்ட தாள். "என் சம்பளம், விடுப்பு ஊதியம், சேவைக்காலப் பணம் யாவும் பெற்றுக்கொண்டேன், இனி இந்நிறுவனத்தின்மீது எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை" என்பதே அதன் சாரம். வளைகுடா எண்ணெய் வயல் ஒன்றில் சாரம் கட்டும் வேலை பார்த்து, இரும்புக் குழாய்களுக்கிடையே வலக்கை விரல்கள் மூன்றைப் பறிகொடுத்துத் திரும்பிய ஒரு தம்பி, அத்தகைய தாளை விடுமுறை விண்ணப்பம் என்று எண்ணியே ஒப்பமிட்டிருந்தார். நான் பொருள் சொன்னபோது அவருடைய உம்மா, "நஸீப் அவ்வளவுதான்" என்று பெருமூச்சுவிட்டார்.

விரல் போனது நஸீப் என்று ஆறுதல் கொள்வதை யாரும் குறைகூற இயலாது. ஆனால் விரலுக்குரிய இழப்பீட்டையும் நஸீபின் கணக்கில் எழுதிவிடலாகுமா? அப்பணத்தில் அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் பங்குண்டு. ஆகவே இம்மாதம் இச்செய்தியைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தேன்.

எண்ணெய் எடுக்கும் தொழில் நமக்கு மிகத் தொலைவிலுள்ளது என்று எண்ண வேண்டாம். நம் கரைக்கு அப்பால் காவிரிப் படுகைக் கடலில் உள்ள பி.ஒய்-1, பி.ஒய்-3 என்னும் எண்ணெய், எரிவாயு வயல்கள் புதுச்சேரியின் பெயரை முன்னொட்டாகக் கொண்டவை. நரிமணத்திலும் குத்தாலத்திலும் நிலத்திலேயே கிணறுகள் உள்ளன. மும்பைக் கடலில் பாம்பே ஹை வயலுக்கும், கடல் கடந்து சவூதி, குவைத், கத்தர், அமீரகம் ஆகிய நாடுகளுக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் வெல்டர்களாக, ரிக்கர்களாக, குழாய் பொருத்துவோராக, சமையற்காரர்களாகச் சென்றுவருகின்றனர். கிணற்றடியில் விரலும் கையும் நசுங்குவது அன்றாட ஆபத்து. சில வயல்களில் கந்தகம் கலந்த விஷவாயு கசியும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் ஏமாந்து நிற்கையில் உயிர் போய்விடும்.

பாம்பே ஹை வயலில் 2005 ஜூலை 27 அன்று நடந்ததை நினைவுகூருங்கள். துணைக்கப்பல் ஒன்றின் சமையற்காரருக்குக் கையில் வெட்டுக்காயம் ஏற்பட்டது. அவரை மருத்துவ உதவிக்காக மேடைக்கு மாற்ற வேண்டிக் கப்பலை நெருக்கமாகக் கொணர்ந்தனர். மழைக்காலக் கடல், கொந்தளிப்பு. கப்பல் மேடையோடு மோதி எரிவாயுக் குழாயை உடைத்தது. சிறிது நேரத்தில் மேடையே தீப்பிழம்பாயிற்று. 22 பேர் மாண்டனர். மீண்டும் 2021 மே 17 அன்று டவ்தே புயலில், அதே கடலில் எண்ணெய்ப் பணியாளர்கள் தங்கியிருந்த பி-305 என்னும் மிதவைக் கலம் நங்கூரம் அறுந்து மூழ்கியது. அதிலிருந்த 261 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எண்ணெய் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் ஒப்பந்தக்காரர் என்று படிப்படியாக இறங்கி வந்து சேர்ந்தவர்கள்.

இங்கேதான் சட்டம் நமக்குக் கைகொடுக்கிறது. காயம்பட்டவர் பெரிய நிறுவனத்தை அணுகினால் "நீ எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரைப் போய்ப் பார்" என்பர். ஒப்பந்தக்காரரைத் தேடினால் ஆளைக் காணோம் என்றிருக்கும். 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தத் தட்டிக்கழிப்புக்கு அன்றே வழியடைத்தது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்த முதன்மை நிறுவனமே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று அதன் 12 ஆம் பிரிவு கூறிற்று. நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் அதை வசூலித்துக்கொள்ளட்டும் என்பதே ஏற்பாடு. 2009 இல் திருத்தம் செய்து அதற்குப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாற்றினர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது இணைக்கப்பட்டுவிட்டது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த விபத்துகளைப் பழைய சட்டத்தைக் கொண்டே பார்க்க வேண்டும். ஆயினும் நான் இங்கே சொல்லும் அடிப்படை நெறிகளின் சாரம் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

இச்சட்டத்தின் தனிச்சிறப்பு யாதெனில், முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி மெய்ப்பிக்கத் தேவையில்லை. வேலையால், வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுதல் போன்ற காரணங்களை முதலாளி எடுத்துக்காட்டலாம். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டிருந்தால் அந்தக் காரணங்களும் செல்லா. "ஹெல்மெட் போடாதது உன் குற்றம்" என்று அதட்டியதைக் கேட்டு வாயடைத்துத் திரும்பிய குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். 1923 சட்டத்தின்படி, நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை, வயதுக்கேற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். மரணத்துக்கு 50 விழுக்காடு. 2020 ஜனவரி 3 முதல், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 ரூபாய் வரைதான் எடுத்துக்கொள்வர். 30 வயதுக்காரருக்குக் காரணி 207.98. ஆகவே 15,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கிய 30 வயதுத் தொழிலாளி முழு ஊனமுற்றால் 9,000 x 207.98 = 18,71,820 ரூபாய். இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். ஓர் உறுப்பு மட்டும் போனால் முழு ஊனத் தொகையில் ஒரு பங்கு. கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு. மறுகண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40. ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50. இரு கண் பார்வையும் போனாலோ, முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தாலோ, காது முற்றும் செவிடானாலோ 100. தீக்காயத்தால் முகம் உருக்குலைந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள். அதுவும் முழு ஊனத்தின் பட்டியலில் இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார்.

இந்தப் பட்டியலை முதன்முதல் படித்தபோது ஃபிக்ஹு நூல்களில் நாங்கள் பாடம் நடத்தும் 'தியத்' அத்தியாயமே என் நினைவுக்கு வந்தது. அங்கும் உறுப்புக்கு உறுப்பு அளவுண்டு. உயிருக்கு நூறு ஒட்டகம் என்றால் ஒரு கண்ணுக்கு ஐம்பது, ஒரு விரலுக்குப் பத்து. அளவு குறிக்கப்படாத காயங்களை நீதிபதி மதிப்பிடுவார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஃபிக்ஹில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சமம். நம் நாட்டுச் சட்டமோ சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. அதனால் கட்டைவிரலின் மதிப்பு அதில் உயர்ந்துவிடுகிறது.

இந்த நோக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் அளித்த ஒரு தீர்ப்பே சான்று. பிரதாப் நாராயண் சிங் தேவ் என்பாருக்கும் ஸ்ரீநிவாஸ சபதா என்பாருக்கும் இடையே நடந்த வழக்கு அது. திரையரங்கு ஒன்றின் அலங்கார வேலையில் ஈடுபட்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடக்கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்க நேர்ந்தது. ஒரு கை போனது பகுதி ஊனம்தான், முழு ஊனமன்று என்று முதலாளி தரப்பு வாதாடியது. தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது, வழக்கு முடிந்த நாளில் அன்று என்றும் கூறியது. ஆகவே நம் பிள்ளைகள் மருத்துவச் சான்று வாங்கும்போது "20 விழுக்காடு ஊனம்" என்ற எண்ணோடு நின்றுவிடக் கூடாது. விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், அவ்வேலையை இனிச் செய்ய இயலுமா என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் இழப்பீடு தரத் தவறினால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. கோரிக்கையை இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணமிருந்தால் ஆணையர் ஏற்கலாம் எனினும், அதை நம்பிக் காலம் கடத்துவது அறிவுடைமையாகாது. மும்பைக் கடலில் விபத்து நேர்ந்தது என்பதற்காக மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. தொழிலாளியோ அவருடைய குடும்பமோ வசிக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே மனுச் செய்யலாம். தமிழகத்தில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரிகளே இப்பொறுப்பை வகிக்கின்றனர்.

இறந்தவரின் குடும்பத்தார்க்கு ஒரு சொல். மரண இழப்பீட்டை முதலாளி நேராக வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிச் செல்வது, முன்பணமாகத் தரும் சிறு தொகை நீங்கலாக, இழப்பீடு கொடுத்ததாகவே சட்டத்தில் கொள்ளப்படுவதில்லை. அது ஆணையரிடம் கட்டப்பட வேண்டும். அவரே சார்ந்திருப்போர்க்குப் பகிர்ந்தளிப்பார். சிறுபிள்ளைகளின் பங்கை வங்கியில் போட்டுவைக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. நம் குடும்பங்களில் இதனால் சிறு சச்சரவுகள் எழுவதைக் கண்டிருக்கிறேன். வாரிசுப் பங்கீட்டு முறையை எடுத்துக்காட்டி, மூத்த சகோதரர்கள் பங்கு கேட்பர். இந்திய இழப்பீடு இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தன்று; அவருடைய உழைப்பை நம்பியிருந்தோர்க்குச் சட்டம் ஏற்படுத்திய ஆதரவு. விதவையும் சிறு பிள்ளைகளும் அதில் முன்னிற்பர். சம்பாதிக்கும் சகோதரர் அதில் கைவைக்க எண்ணுவது எனக்கு ஒப்பாத செயல்.

இனிக் கடல் கடந்த நாடுகளைப் பார்ப்போம். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளரும் 'தஃமீனாத்' எனப்படும் சமூகக் காப்பீட்டின் தொழில் ஆபத்துப் பிரிவில் சேர்க்கப்பட வேண்டும். அதற்குரிய 2 விழுக்காடு சந்தாவை முதலாளியே கட்டுகிறார். நம்மவர்களில் பலர் தம் பெயர் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று ஒருநாளும் விசாரிப்பதில்லை. கத்தரில் 2004 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், வேலையில் நேரும் மரணத்துக்கு ஷரீஅத்தின்படியே இழப்பீடு என்று கூறுகிறது. அங்கே தியத் 2 லட்சம் ரியாலாக வரையறுக்கப்பட்டது. குவைத்தில் எண்ணெய்த் துறைத் தொழிலாளர்க்கென்றே 1969 இல் தனிச் சட்டம் இயற்றினார்கள்.

அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, வேலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 24 மாத அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். 18,000 திர்ஹத்துக்குக் குறையாமலும் 2 லட்சத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். காயம்பட்டவர்க்கு ஆறு மாதம் முழுச் சம்பளம், மேலும் ஆறு மாதம் பாதிச் சம்பளம். 'அடிப்படைச் சம்பளம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டாயிரம் திர்ஹம் சம்பளம் என்று ஏஜெண்டு சொன்னதை நம்பிப் போனவரின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எண்ணூறு என்றும் எஞ்சியது படி என்றும் இருக்கும். மாதம் தவறாமல் பணம் வருகிறவரை அதில் குறையொன்றும் தெரியாது. விபத்து நேரும் நாளில்தான் அந்த எண்ணூறு கண்ணுக்குத் தெரியும்! ஆகவே புறப்படுமுன் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால், அரபு தெரிந்த எவரிடமும் காட்டலாம். மதரஸா ஆசிரியர்கள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

முகாலஸாவுக்கு வருவோம். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது, சட்டம் தந்த உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுத்ததாக எழுதுவது, அது அவருக்கு மேலும் நன்மை தருவதாக இருந்தாலன்றிச் செல்லாது என்று சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 8 ஆம் விதி கூறுகிறது. நம் நாட்டுச் சட்டத்திலும் இழப்பீட்டைக் கைவிடும் ஒப்பந்தம் செல்லாது. எனினும் கையெழுத்திட்டுவிட்டு, விமானமேறி ஊர் வந்து சேர்ந்தபின் அதை மெய்ப்பிப்பது பெரும்பாடு. சவூதியிலும் குவைத்திலும் தொழிலாளர் வழக்குகளுக்குப் பொதுவாக ஓராண்டே கெடு. காயம் ஆறி, ஊனத்தின் அளவை மருத்துவக் குழு எழுதிக்கொடுக்கும்வரை கணக்கு முடிக்கும் தாளில் ஒப்பமிடாதிருப்பதே நலம். மீறி வற்புறுத்தினால், இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் 2015 இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் வீட்டிலிருக்கும் மனைவியோ சகோதரனோகூட முறையீட்டைப் பதிவு செய்யலாம். 'மதத்' என்பது உதவி என்று பொருள்படும் நம் சொல்தான். தூதரகங்களில் 2009 முதல் இருந்துவரும் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வறியவர்க்குச் சட்ட உதவியும் அவசர மருத்துவமும் ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அளிக்க வழியிருக்கிறது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்கஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று விடியுமுன் தீப்பற்றியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியர். தமிழர் எழுவரில் நம் விழுப்புரம் மாவட்டத்தவரும் ஒருவர். அவர்கள் இறந்தது வேலைத்தளத்தில் அன்று. நிறுவனம் தங்கவைத்த அறையில். அப்படியானால் அது வேலை விபத்தாகுமா? நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இக்கேள்வி நெடுங்காலம் உலவியது. 1958 இல், உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து பொதுப் படகில் கழியைக் கடக்கையில் மூழ்கி இறந்த வழக்கில், இழப்பீடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1963 இல் மும்பைப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பணி முடிந்து நிறுவனப் பேருந்திலேயே வீடு திரும்புகையில் இறந்தபோது, இழப்பீடு உண்டு என்றது. வேலையின் எல்லை தொழிற்சாலை வாசலோடு முடிவதில்லை என்னும் கருத்து இவ்வாறு மெல்ல வளர்ந்து, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் உரிய தொடர்பு இருந்தால் ஏற்பதாகப் புதிய சட்டத் தொகுப்பில் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே கேம்பில் நடந்தது, வேனில் நடந்தது என்று சொல்லி யாரேனும் கைவிரித்தால், அதை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள்.

இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனமே ஆளெடுத்து வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியிருந்தால் நம் நாட்டு இழப்பீட்டுச் சட்டமும் பொருந்தும். 1995 இல் செய்த திருத்தம் இது. இதனால் வேலைக்கு எடுத்தவர் யார் என்பதற்குரிய தாளைப் பத்திரப்படுத்துவது மிக முக்கியம்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியகல்வு அனுமதி பெற்று வளைகுடா முதலிய நாடுகளுக்குச் செல்வோர்க்கு இது கட்டாயம். சந்தா மிகச் சிறிது. 2017 இல் திருத்தியபடி இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375, வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். வழக்குச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அனுமதி முத்திரை தேவையில்லாததால் இக்காப்பீடு தானாக வருவதில்லை. சுற்றுலா விசாவில் சென்று அங்கே வேலை தேடுவோர்க்கும் வராது. படித்த பிள்ளையே பாதுகாப்பின்றிப் போவது விந்தைதான்.

தாய்மார்களே! வெளிநாடு சென்றவரின் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீட்டுச் சீட்டு, இகாமா ஆகியவற்றின் நகல் ஒவ்வொன்று வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். மாதந்தோறும் வரும் சம்பளச் சீட்டின் படத்தைக் கைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். விபத்து என்று செய்தி வந்தால் எந்த மருத்துவமனை, எந்தக் காவல் நிலையம், உடன் வேலை செய்தவர் யார் என்ற மூன்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

மரண இழப்பீட்டு வழக்குகளில் அங்குள்ள நீதிமன்றம் வாரிசுச் சான்றும் முக்தியார் பத்திரமும் கேட்கும். அப்போது, "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று ஒருவர் வருவார். சிலர் நல்ல மனத்தோடு வருகிறார்கள். எல்லாரையும் ஐயுறக் கூடாது. ஆயினும் பணம் பெற்றுக்கொள்ளும் அதிகாரத்தை முன்பின் அறியாதவருக்கு எழுதித் தருவது இத்தாவில் இருக்கும் பெண்ணின் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. இந்தியத் தூதரகத்தின் பெயருக்கே அப்பத்திரத்தை எழுதிக் கொடுக்கலாம். தூதரகமே வழக்கைத் தொடர்ந்து நடத்திப் பணத்தை ஊருக்கு அனுப்பும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்குவோர்க்கு, 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. பெண்கள், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர்க்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச வழக்கறிஞர் அமர்த்தித் தரவேண்டும் என்பது அதன் 12 ஆம் பிரிவு. கையிழந்த தொழிலாளிக்கு இரண்டு வகையில் தகுதியுண்டு. கணவனை இழந்த மனைவிக்குப் பெண் என்ற ஒரு தகுதியே போதும். நம் பகுதியினர் விழுப்புரத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, திண்டிவனம் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டக் குழுவிலோ மனுக் கொடுக்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்வர். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் விவரம் கேட்கலாம். அரபுத் தாள் ஏதேனும் இருப்பின் அதன் தமிழாக்கத்தையும் உடன் இணைத்துக்கொண்டு செல்லுங்கள்.